தேய்ந்துபோன சித்தி

மாவட்ட நலத்துறை அலுவலகத்துக்கு நடந்து நடந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த சித்தி மூன்று வருடத்தில் பாதியாகத் தேய்ந்துபோனாள். உடம்பு இளைத்ததைச் சொல்லவில்லை, உயரத்தைச் சொல்கிறேன். அந்த அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் எல்லோருமே "கால் தேய நடந்தாச்சு" என்று சொன்னவர்கள்தான். சொல்லிவிட்டு முழு உயரத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவர்கள்தான். இவளுக்கு மட்டும் அந்த வார்த்தை பலித்துவிட்டது. சலவைச் சோப்பு கரைகிற மாதிரி, எல்லாப் பக்கமும் சீராக, மூக்கும் முழியும் கெடாமல் தேய்ந்தாள். வேடிக்கை என்னவென்றால் செருப்பு தேயவில்லை. அது புதுசாகவே இருந்து, அவள் காலுக்குப் பெரிசாகி, மேலும் பெரிசாகி, கடைசியில் வாசலில் சும்மா கிடந்தது. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடங்களில் எண்ணெய் விலை ஏறியதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஊரே அவளைச் சித்தி என்று கூப்பிட்டதற்குக் காரணம், ஒரு சின்னப் பெண் நாள் முழுக்க அவளை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே திரிந்ததுதான். அது அவளுடைய அக்காள் மகள். அக்காள் ஒரு காய்ச்சலில் கண்ணை மூடினாள். அக்காள் புருஷன் அதற்கும் முன்பே வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பியவன். எந்த ஊரில் எந்தப் பெயரில் இருக்கிறானோ, அவனுக்கே வெளிச்சம். கல்யாணமாகாத தங்கை, ஆறு வயதுப் பெண்ணை ஒரு கையிலும் அதன் தலையணையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து தன் ஒற்றை அறையில் வைத்துக்கொண்டாள். பாப்பா என்று கூப்பிட்டாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பது அரசாங்கத்தில் பதிவாக வேண்டும், ஆகாவிட்டால் பிள்ளை ஆற்றுக்கு அப்பால் இருக்கிற காப்பகத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். கெட்ட சட்டம் என்று சொல்ல முடியாது. வளர்க்கிறேன் என்று கூட்டிப்போய், பிள்ளையைப் பாத்திரம் தேய்க்க விட்ட சொந்தக்காரர்களையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது.

நலத்துறைக்காரர்களும் கெட்டவர்கள் இல்லை. மூடிப்போன ஒரு துணிக்கடையின் மாடியில் அவர்கள் அலுவலகம் இருந்தது. மாடிப்படி முடிகிற இடத்தில் துணிக்கடைக்காரன் விட்டுப்போன ஆளுயரக் கண்ணாடி ஒன்று இன்னும் நின்றது. வாடகை கட்ட முடியாதவன், படுத்த படுக்கையான அம்மாவை வைத்துக்கொண்டு விழிபிதுங்குகிறவள், புருஷன் அடித்துத் துரத்தியவள் என்று யார் வந்தாலும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முடிந்ததைச் செய்தார்கள். மூன்றாவது ஜன்னலில் இருந்த குமாஸ்தாவுக்குக் கோப்புத் தூசி ஆகாது. அதனால் தும்மல்காரர் என்று பெயர். அவர்தான் சித்தியைப் பார்த்து, பிள்ளைக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்டார். அவள் "சித்திங்க" என்றாள். அவர் மாற்றாந்தாய் என்று எழுதிவிட்டார். அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பா கட்டிக்கொண்டு வருகிற இரண்டாவது பெண்டாட்டியும் சித்திதான். நம் பாஷை செய்த வேலை அது. தும்மல்காரர் தாயில்லாமல் வளர்ந்தவர். அவர் வாழ்க்கையில் அந்த வார்த்தைக்கு இருந்தது ஒரே ஆள், ஒரே அர்த்தம். மனசு யோசிக்கும் முன்னே கை எழுதிவிட்டது, எழுதியதன் மேல் முத்திரையும் விழுந்துவிட்டது.

மாற்றாந்தாய் என்றால் தகப்பனின் கல்யாணப் பத்திரம் வேண்டும், தகப்பனின் சம்மதமும் வேண்டும். அடுத்த முறை போனபோதுதான் சித்திக்கு விஷயம் புரிந்தது.

"நான் அந்த மனுஷனக் கட்டிக்கவே இல்லீங்களே!"

"அப்ப கட்டிக்கலன்னு அவரே வந்து எழுதிக் கொடுக்கணும்மா."

"அவர் இருந்தா நான் எதுக்குங்க இங்க வர்றேன்?"

தும்மல்காரர் கோப்பைத் திருப்பிப் பார்த்தார். தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முத்திரை விழுந்ததை அழிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்பதும் தெரியும். மேலிடத்துக்கு எழுதினார். நடந்த கல்யாணத்துக்கு ஊர் முழுக்கச் சாட்சி கிடைக்கும், நடக்காத கல்யாணத்துக்கு யார் சாட்சி சொல்வது என்று மேலிடம் யோசிக்க ஆரம்பித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது. அதுவரை பிள்ளை சித்தியிடமே இருக்கலாம் என்று தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், ஆளே நேரில் வர வேண்டும். பஸ் பிடித்தால் பாப்பாவின் பாலுக்கு இடிக்கும் என்று சித்தி பாலத்தைத் தாண்டி நடந்தே போனாள். ஒவ்வொரு முறையும் அவர்கள் பிரியமாகவே புதுப்பித்துக் கொடுத்தார்கள். மாவும் எண்ணெயும் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடப் பையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் மாடிப்படிக் கண்ணாடியில் அவள் தலை ஒரு நூல் கீழே தெரிந்தது.

முதலில் கண்டுபிடித்தது சலவைக்கூடத்தில் அவளோடு ஜோடி சேர்ந்து படுக்கை விரிப்பு மடிக்கிறவள். விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்துப் பிடித்தால்தான் சுருக்கமில்லாமல் மடிக்க வரும்.

"இந்தா, உன் பக்கம் தரையில இழுபடுது பாரு."

"துணி நீண்டு போச்சுக்கா."

"துணி எங்கடி நீளும்? துவைச்சா சுருங்கத்தான் செய்யும். நீதான் சுருங்கிட்டு வர்ற."

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. சித்தி ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று மடித்தாள். பெட்டி பற்றாமல் போனபோது மேற்பார்வையாளர் அவளை விரிப்பிலிருந்து தலையணை உறைக்கு மாற்றினார், தலையணை உறையிலிருந்து பிரசவ வார்டின் குழந்தைத் துணிக்கு மாற்றினார். வீட்டில் இதற்கு நேர்மாறாக வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. பாப்பா வளர்ந்தாள். எல்லா வீட்டிலும் பெரியவர்கள் துணி சின்னவர்களுக்கு இறங்கும். இந்த வீட்டில் பாப்பாவுக்குப் பத்தாமல் போன கவுன்கள் சித்திக்கு ஏறின. நடுவில் ஒரு மழைக்காலம் இரண்டு பேருக்கும் ஒரே அளவாக இருந்து, ஒரே ஸ்வெட்டரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அந்த மழைக்காலம்தான் தங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று இருவருமே பின்னால் சொன்னதுண்டு. அதற்கப்புறம் பாப்பா மேலே போனாள், சித்தி கீழே வந்தாள்.

மூன்றாவது வருடம், வீடுகளுக்குப் போய்ப் பார்த்து எழுதுகிற நலத்துறைக்காரர் அந்த அறைக்கு வந்தார். நடைக்காரர் என்று அவருக்குப் பெயர். அடுப்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பாப்பாவின் நகத்தையும் பல்லையும் பார்த்தார். பிள்ளை நன்றாக வளர்கிறாள், வளர்ப்பவர் குறைகிறார் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். எழுதி முடித்தவருக்கு மனசு கேட்கவில்லை. "இனிமே நீங்க வராதீங்கம்மா. அனுமதிச் சீட்ட நானே கொண்டு வந்து தர்றேன்" என்றார். சொன்னபடியே கொண்டுவந்தார். அதில் சித்தி தேய்வது நின்றது, நடைக்காரர் தேய ஆரம்பித்தார். அவர் ஏற்கெனவே குள்ளம். கால்சட்டையின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டே அவர் பெண்டாட்டி, "ஊர்ல இருக்கிற பாரத்த எல்லாம் நீங்களே தலையில தூக்கி வெச்சுக்கிட்டா வேற என்ன ஆகும்?" என்று ஏசினாள். அவர் அதற்கும் தலையாட்டினார்.

இப்படியே போயிருக்கும். புது மேலதிகாரி வந்தார். கண்டிப்பான பெண்மணி, நேர்மையானவர், வந்தவுடன் தேங்கிக் கிடந்த எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தவர். நான்கு வருடமாகத் தற்காலிகமாகவே ஓடுகிற ஒரு பிள்ளையின் காரியத்தைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது, அதில் தப்பில்லை. வளர்ப்பவர் பிள்ளையோடு நேரில் வர வேண்டும், உறவு அன்றைக்கே தீர வேண்டும், தீராவிட்டால் பிள்ளை அன்றே காப்பகத்துக்கு என்று உத்தரவு போட்டார். கையெழுத்துப் போடும்போது தும்மல்காரரிடம் அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். "அவங்களே ஒரு குழந்த அளவு இருக்காங்கன்னு எழுதியிருக்கு. அவங்க எப்படி இன்னொரு குழந்தயப் பாத்துக்குவாங்க?"

உத்தரவு வந்த அன்று சித்தி பாப்பாவின் துணிகளை எல்லாம் துவைத்தாள். கேட்டால், எங்கே போனாலும் பிள்ளை அழுக்காகப் போகக்கூடாது என்றாள். போக வேண்டிய நாள் காலையில் ஜோடிக்காரி வந்து, நடந்து போகாதே, இருக்கிற கொஞ்சமும் தேய்ந்து வழியிலேயே இல்லாமல் போய்விடுவாய் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பஸ்ஸுக்குக் காசு திணித்தாள். ஆனால் ஆறு பெருகி அன்றைக்குப் பாலத்தில் பஸ்ஸை விடவில்லை. ஆள் நடக்க மட்டும் விட்டார்கள். சித்தி வாசலுக்கு வந்தாள். பாப்பா குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எறக்கி விடு பாப்பா. ஜனங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"இடுப்பு வலிக்கும்டி."

"உனக்கு வலிச்சுதா?"

சித்தி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பத்து வயதுப் பெண் தன்னை வளர்த்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலத்தில் நடந்ததை ஊர் பார்த்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. அத்தனை தூரம் நடந்தும் பாப்பா தேயவில்லை. வளர்கிற வயசு, தேய்ந்திருந்தாலும் தெரிந்திருக்காது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வழியில் நடைக்காரர் சேர்ந்துகொண்டார். கேட்டால் "அம்மாவோட தங்கச்சி" என்று சொல்ல வேண்டும், வாய் தவறிக்கூடச் சித்தி என்று சொல்லிவிடாதே என்று பாப்பாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். பாப்பா தலையாட்டினாள். மாடியில் மேலதிகாரி நடுவிலும் தும்மல்காரர் ஓரத்திலும் இருந்தார்கள். காப்பகத்திலிருந்து வந்த பெண் கதவருகே பாப்பாவுக்காக ஒரு புதுத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலதிகாரி ஒரு நாற்காலியைக் காட்டினார். பாப்பா உட்கார்ந்து சித்தியை மடியில் வைத்துக்கொண்டாள். மேலதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குழந்தைகளிடம் பேசும் தணிந்த குரலில், உறவு விசாரிக்கிற எல்லோரையும் போலவே அவரும் கேட்டார்.

"இவங்க உனக்கு என்ன வேணும்?"

பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் மறந்துபோயிற்று. கதவருகே இருந்த துண்டை ஒருமுறை பார்த்தாள்.

"இவங்கதான் வேணும்" என்றாள்.

"அதில்லம்மா. முறை கேக்குறேன். உனக்கு இவங்க என்ன வேணும்?"

"இவங்கதான் எனக்கு வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

தும்மல்காரர் தும்மினார், அது தும்மல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். மாற்றாந்தாய் என்பதை அடித்தார். அதிகாரம் இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை. அதன் பக்கத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'வேண்டியவர்' என்று எழுதினார். அதுவரை அந்த அலுவலகத்தில் வேண்டியவர் என்றால் மந்திரிக்கு வேண்டியவர், மேலிடத்துக்கு வேண்டியவர் என்றுதான் அர்த்தம். மேலதிகாரி அந்த வார்த்தையை வெகு நேரம் பார்த்தார். விதிப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, இன்னின்னது உறவாகாது என்று அதில் போட்டிருந்த எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தார். வேண்டியவர் என்பது அதில் இல்லை. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். காப்பகத்துப் பெண் துண்டைப் பாப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

திரும்பும்போது பாலத்தில் சித்தி தன்னை இறக்கிவிடச் சொன்னாள். நடந்தாள். வீட்டை நோக்கி நடந்த நடையில் அவள் ஒரு நூலும் தேயவில்லை. இழந்த உயரம் திரும்பவும் இல்லை. அதை அவள் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நலத்துறைக்காரர்கள் ஜனங்களை வரச் சொல்வதைக் குறைத்துவிட்டு, முறைவைத்துத் தாங்களே வீடு வீடாக நடக்கிறார்கள். யாரும் ஒரு விரல்கடைக்கு மேல் தேயாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாவது ஜன்னலை முழங்கால் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். நடைக்காரர் ஓய்வு பெற்றபோது அவருக்கு எடுத்த சட்டையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பகுதியில் வாங்க வேண்டியிருந்தது. பாப்பா இப்போது வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். சித்திக்கு வயதாகி மூட்டுவலி வந்துவிட்டது. கட்டில் அளவு சரியாக இருப்பதால் ஆஸ்பத்திரியில் அவளைக் குழந்தைகள் வார்டில்தான் படுக்க வைக்கிறார்கள். புதிதாக வருகிற நர்சுகள் பாப்பாவிடம், உங்கள் குழந்தையா என்று கேட்பார்கள். ஆமாம் என்பாள். சித்தியும் மறுப்பதில்லை.