ஹபீப் முகம்மது நின்ற கம்பம்

அந்த வருடத் தேசிய தினத்தில் நாடு முழுக்க ஏற்றிய நாற்பதாயிரம் கொடிகளில் ஒன்றுதான் பறந்தது. அதன் அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹபீப் முகம்மது நின்றிருந்தார். காற்றுக்குக் குறைவில்லை, மந்திரிமாரின் தலைத்துணியெல்லாம் பறந்தது. கொடிகள் மட்டும் துவைத்துப் போட்ட கைலி மாதிரி தொங்கின. ஹபீபை அடுத்த கம்பத்துக்கு நகர்த்தினார்கள். அது எழுந்தது, இது படுத்தது. எந்த வளைகுடா நாடு என்று கேட்காதீர்கள், எனக்கும் விசா இருக்கிறது.

ஹபீப் கீழக்கரைக்காரர். கொடிக்கம்பம் நடும் கம்பெனியில் முப்பத்தோரு வருடம். பழைய அரபி முதலாளி அவரோடு ஒரே தட்டில் சாப்பிடுவார். "முஸ்லிமுக்கு முஸ்லிம் ஒரே வீடு, எல்லையெல்லாம் வெள்ளைக்காரன் கிழிச்ச கோடு" என்பார். சோறு போட்டவன் சொன்னதை அப்படியே நம்புவது நம் ஆட்களுக்கே உரிய வியாதி. அதை நம்பித்தான் மனைவி ஹஃபீஸா மௌத்தானபோது ஊருக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே அடக்கினார். அவள் பக்கத்தில் தனக்கும் ஆறடி. அவர் கேட்டது அவ்வளவுதான்.

முதலாளி போனார், மகன் வந்தான். பாட்டன் பேரீச்சம்பழம் விற்ற கடையை இடித்துவிட்டு, அதே மாதிரி ஒன்றை பிளாஸ்டிக்கில் கட்டி, தேசியப் பாரம்பரியம் என்று போர்டு மாட்டிய அறிவாளி. ஹபீபுக்கு அறுபது முடிந்த அன்றே கூப்பிட்டான்.

"தொழுகை வேற, நாடு வேற, ஹபீப் பாய். விசா கலாஸ்."

"ஒங்க வாப்பா ஒரே வீடுன்னு சொன்னாஹளே?"

"அது அந்தக் காலம்."

வெளிநாட்டான் நின்று பறக்கிற கொடி தேசத்துக்கே அவமானம் என்று விழாக் கமிட்டியும் தீர்மானம் போட்டது. கம்பத்துக்குக் கம்பம் விசிறி வைத்தார்கள். மந்திரிகளுக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

ஏர்போர்ட்டில் விட வந்தவன் கூட வேலை பார்த்த பரமக்குடிக் கார்மேகம். "ஏம் பாய், இது நம்ம வீடில்லனு எனக்கு எறங்கின அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ஒங்களுக்கு முப்பத்தோரு வருசம் ஆச்சாக்கும்?"

"ஹஃபீஸாவத் தனியா விட்டுட்டுப் போறேனேப்பா" என்று ஹபீப் வாய்விட்டு அழுதார்.

ஊர் போன நான்காம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, ஹபீப் மௌத்தானார். கீழக்கரையில் அடக்கினார்கள். அன்று மாலை இங்கே கபர்ஸ்தான் சுவரோரக் கம்பத்தில், ஹஃபீஸாவின் தலைமாட்டுக்கு நேரே, கொடி படபடவென்று அடித்துக்கொண்டது. கயிறு இழுத்துக்கொண்டிருந்த கார்மேகம் அண்ணாந்து பார்த்தான்.

"வந்துட்டீங்களா பாய்! விசா எவன் குடுத்தான்?"

இப்போதெல்லாம் தேசிய தின விழா அந்தக் கபர்ஸ்தான் சுவரோரம்தான் நடக்கிறது. வேறெங்கும் கொடி பறப்பதில்லை. முதலாளி மகன்தான் கமிட்டித் தலைவர்.