மண்டை விமானமும் பக்கத்து மாடிக்காரியும்

தேநீர்த் தட்டோடு அவள் முன்னறைக்குள் வந்தபோது டிவி நிறைய புருஷன் எடுத்த ஒரு விமானப் படம் நின்றிருந்தது. அதன் இடது ஓரத்தில் இருப்பது என்ன என்று இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பம் என்றார் ஒருவர். கம்பத்துக்கு ஏது கை, அது பொம்பளை என்றார் மற்றவர். நைட்டிக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் பறக்கிற படுக்கை விரிப்பைப் பிடித்து, மறு கையை ஓங்கி, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தவள் சாட்சாத் அவளேதான். அந்த இரண்டு பேரும் அவள் கையிலிருந்தே கோப்பையை எடுத்துக்கொண்டு, அவள் மறைக்கிறாளே என்று கழுத்தை வளைத்து, அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, யாராக இருக்கும் என்று யோசித்தார்கள்.

அவள் புருஷன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்த புண்ணியவான். சொந்தப் பார்வை மட்டும் எந்நேரமும் மேலேதான். வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். விமானம் இறங்கும் சத்தத்தில் பாத்திரங்கள் கிடுகிடுக்கும். அதனால்தான் வீடு மலிவாகக் கிடைத்தது என்று அவள் நினைத்திருந்தாள். அதற்காகத்தான் வாங்கினார் என்பது குடிவந்த பிறகுதான் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து படமாக எடுத்துத் தள்ளுகிறார். நிலாவைக் குத்துவது மாதிரி ஒரு விமானம், மின்னலுக்கு நடுவில் ஒன்று, இறக்கை நுனியில் வானவில்லைக் கட்டிக்கொண்டு ஒன்று. சும்மா சொல்லக்கூடாது, சில படங்கள் அவளுக்கே பிடிக்கும். ஆனால் அத்தனை ஆயிரத்தில் ஒன்றில்கூட அவள் இல்லை. கேட்டால், ஆளை எடுக்கிற லென்ஸ் வேறம்மா, அது நம்மகிட்ட இல்லை என்பார். அவளும் பின்னறைத் தையல் இயந்திரத்துக்குத் திரும்பி, யார் வீட்டு ஜன்னலுக்கோ திரைச்சீலை தைக்கப் போய்விடுவாள்.

வந்திருந்த இருவரும் அவருடைய விமானப் படச் சங்கத்து ஆட்கள். ஒருவர் பல் டாக்டர், சங்கத் தலைவர். இன்னொருவர் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர், பட்டப்பெயர் வால். வாலை மட்டும் காட்டினால் போதும், அந்த விமானத்தின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். இவர்கள் இந்த வீட்டில் குடித்த தேநீருக்குக் கணக்கே கிடையாது. ஆனால் அவளை மேகம் அளவுக்குக்கூட இருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

படத்திலிருந்த விமானமும் சாதாரணப்பட்டதில்லை. மற்ற விமானங்களின் இறக்கைகளை வயிற்றில் போட்டுக்கொண்டு போகிற பெரிய சரக்கு விமானம். கதவில் இடித்துக்கொண்ட நெற்றி மாதிரி முன்பக்கம் புடைத்திருக்கும். சங்கத்தார் செல்லமாக மண்டை என்பார்கள். உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கின்றனவாம். போகிற ஊரில் புயல் என்று போன வாரம் இங்கே ஒதுங்கியது. மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம், மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளின் தலைக்கு மேலேயே இறங்கியது. கேமராவும் கையுமாக ஒரு மூலையில் நின்றவரை, விரிப்பைப் பிடிங்க, பறக்குது என்று அவள் கத்தினாள். அந்தக் கத்தலோடு சேர்த்துப் படம் விழுந்துவிட்டது.

பல் டாக்டர் தேநீரை உறிஞ்சிவிட்டு, இந்த வருஷம் முதல் பரிசும் சங்க நாள்காட்டியின் அட்டையும் இதற்குத்தான் என்றார். ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று தொண்டையைச் செருமினார். சங்கத்தில் ஒரு விதி. முன்னொரு வருஷம் ஒரு உறுப்பினர் தன் மச்சானைக் குடையோடு நிற்க வைத்து மேலே போகும் விமானத்தை எடுத்துப் பரிசு வாங்கிப் போனார். அடுத்த வருஷம் பார்த்தால் வேறு விமானம், வேறு வானம், அதே மச்சான், அதே குடை. அன்றிலிருந்து, எடுத்தவருக்குத் தெரிந்த ஆள் யார் படத்தில் இருந்தாலும் படம் தள்ளுபடி.

"இந்தம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

கண்ணாடிக்காரர் டிவியைப் பார்த்தார். தட்டோடு நின்றவளைப் பார்த்தார்.

"யாரோ பக்கத்து மாடிங்க" என்றார்.

விருந்தாளிகள் போனதும் சமையலறைக்கு வந்து, கையைப் பிடித்துக் கெஞ்சாத குறையாகச் சொன்னார். இத்தனை வருஷமாக ஆறுதல் பரிசுகூடக் கிடைத்ததில்லை, இனி இந்த மண்டை இந்தப் பக்கம் வருமோ வராதோ, பரிசளிப்பு முடியும் வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றார். அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். நியாயம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அவளும் நினைத்தாள். அப்புறம் ஏன் நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒரு வழியாகப் படத்தில் விழுந்தாள். விழுந்த படத்திலும் அவள் அவளில்லை.

"சரிங்க சார்" என்றாள்.

அன்று தொடங்கியது வினை. மறுநாள் காலை, "சார், காப்பி ஆறுது" என்று வாசலில் நின்று சொன்னாள். ராத்திரி சாப்பிடும்போது, "உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்களா? பார்த்ததே இல்லையே" என்று விசாரித்தாள். அவருடைய சட்டைகளை மடித்து, பக்கத்து மாடியிலிருந்து பறந்து வந்தவை என்று திண்ணமாக அறிவித்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். முதலில் சிரித்தார். இரண்டாம் நாள் அசடு வழிந்தார். வாரம் முடிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். ஏம்மா, போதும்மா என்றால், அடுத்தவர் வீட்டுப் பெண்ணை இப்படி உரிமையோடு கூப்பிடலாமா என்று கேட்டாள். அவளுக்கும் உள்ளுக்குள் இது விளையாட்டு என்றுதான் இருந்தது. விளையாட்டை எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

கண்காட்சிக்கு அவளை வரச் சொல்லவும் அவருக்குப் பயம், வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவளாகவே இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து மாடிக்காரிக்கும் அனுமதி உண்டுதானே என்று கேட்டபடி கூடவே வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வாடகைக்கு எடுத்த கூடம். சுவரெல்லாம் விமானம். ஆட்கள் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். கூடத்தின் கடைசிச் சுவரில், தரையிலிருந்து கூரை வரைக்கும் மண்டை. மூலையில் பரிசு ரிப்பன்கூடக் குத்தியாகிவிட்டது. அதன் முன்னால் ஒரே கூட்டம். ஆனால் சப்புக்கொட்டும் சத்தத்தைக் காணோம், குசுகுசுப்புத்தான் கேட்டது. அவள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

கைபேசியிலும் டிவியிலும் தெரியாதது சுவர் அளவில் தெரிந்துவிட்டது. வால் படத்துக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு, விமானத்தின் வாலில் எழுத்து கரைகிறது என்றார். எட்டிப் பார்த்த இன்னொருவர், விமானமே கொஞ்சம் மங்கல் என்றார். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இடது ஓரத்துக்கு வந்து குனிந்தார். அந்தப் பெண்ணின் சட்டையில் பொத்தான் தைத்த நூல்கூட எண்ணுகிற மாதிரி இருந்தது. ஃபோகஸ் முழுக்க அவள்மேல்.

கண்ணாடிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் நல்ல மனிதர். தோளில் கை போட்டு, அவரே வழியும் செய்து கொடுத்தார். கிட்டே இருப்பதைப் பிடித்துக்கொள்வது இந்தக் கேமராக்களின் புத்தி, எனக்கே நடந்திருக்கிறது, கேமரா செய்த தப்பு என்று படத்துக்குக் கீழே அட்டையில் ஒரு வரி எழுதிவிட்டால் அபூர்வக் காட்சி என்று பரிசை அப்படியே விட்டுவிடலாம் என்றார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். கூட்டம் அவரையே பார்த்தது. அவளும் பார்த்தாள். ஆட்டிடுங்களேன், தொலையட்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஆட்டினீங்களோ பாருங்க என்று இன்னொரு மனசு பல்லைக் கடித்தது.

அவர் தலையை ஆட்டவில்லை.

"கேமரா தப்பில்லீங்க" என்றார். "மண்டையைத்தான் பார்த்துட்டு நின்னேன். அவ கூப்பிட்டா. திரும்பினேன். அப்படியே அமுக்கிட்டேன்."

"எவ?" என்றார் பல் டாக்டர்.

"என் சம்சாரம்ங்க. பக்கத்து மாடியெல்லாம் இல்ல. எங்க மாடிதான்."

அவளுக்கு அங்கேயே எழுந்து போய் அந்த மனுஷனை நாலு வார்த்தை நன்றாகத் திட்ட வேண்டும் போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அத்தனை அபூர்வமான விமானம் தலைக்கு மேல் போகும்போது, ஒரு படுக்கை விரிப்புக்காகத் திரும்பியிருக்கிறார். இதை வீட்டில் சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் சார் சார் என்று வாய் வலித்திருக்காது.

பல் டாக்டர் விதி விதிதான் என்று ரிப்பனைக் கழற்றி, மேகத்துக்கு மேலே விமான வால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், வால் எடுத்த படத்தில் குத்தினார். பின்னாலிருந்து ஒருவர், அதெல்லாம் இருக்கட்டும், என்ன லென்ஸ் போட்டீங்க என்று கேட்டார். அவ்வளவுதான். எல்லோரும் கண்ணாடிக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். மண்டை எந்தத் திசையில் வந்தது, எவ்வளவு தாழ்வாக வந்தது, சத்தம் எப்படி என்று பிடுங்கி எடுத்தார்கள். யார் அந்தச் சம்சாரம் என்று கூடத்தில் ஒருத்தர் கேட்கவில்லை. அவரோ பதில் சொல்லிக்கொண்டே தலைகளுக்கு நடுவில் பேந்தப் பேந்த விழித்து அவளைத் தேடினார்.

அவள் எழுந்து சுவருக்குப் போனாள். சுவரில் இருந்தவள் இவளைவிடப் பெரியவளாக இருந்தாள். காதோரம் பிரிந்த முடி, நெற்றியில் விழுந்த முதல் மழைத்துளி, கத்துகிற வாய், எல்லாம் துல்லியம். அவள் நினைத்திருந்த அளவுக்கு அசிங்கமாகவும் இல்லை. இவ்வளவு பெரிய விமானம் தலைமேல் வருகிறது, இவள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"அம்மா, கொஞ்சம் நகருங்களேன்" என்று பின்னால் ஒரு குரல். கழுத்தில் தொலைநோக்கி மாட்டிய ஒரு பருத்த மனிதர், வெளியூர்க்காரர் போல. "சக்கரம் மறையுது."

"ஓ, அப்படிங்களா" என்றாள் அவள். மரியாதையாக அரையடி நகர்ந்து நின்றாள். இப்போது சக்கரத்தோடு சேர்ந்து மண்டையும் மறைந்தது.