குளிரவைத்த குழந்தை

நாரின் மலையூரில் பனிக்காலத்து ஆட்டுக்குட்டியைக்கூடக் கம்பளியில் சுருட்டி அடுப்பருகே வைப்பார்கள். குபாத்தின் மகளையோ ஆஸ்பத்திரியில் குளிர்நீர் ஓடும் மெத்தையில் வெறும் உடம்போடு கிடத்தியிருந்தார்கள். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி, அழாமல் பிறந்தவள். மூச்சு நின்றிருந்த நேரத்தில் மூளை அடிபட்டிருந்தது. மூன்று நாள் உடம்பைக் குளிரவைத்தால் சேதம் பரவாமல் இருக்கக்கூடும் என்றார் டாக்டர் பெர்மெட்.

குபாத் ஆடு மேய்ப்பவன். மகளின் காலைத் தொட்டுப் பார்த்தான். செத்த குட்டியின் கால் அப்படித்தான் இருக்கும்.

"போர்வை போடுங்க டாக்டரம்மா. நான் கேக்கறது தப்பா?"

"தப்புதான். விடிஞ்சதுலேர்ந்து இதையே கேக்கறே. போய் பொண்டாட்டிக்குச் சூப்பு குடு."

இரண்டாம் நாள் மதியம் குழந்தையின் உதடு நீலமானது. மூச்சு இயந்திரம் காற்றை ஊதிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகிக் கிடந்தன. காற்றை வாங்கிக்கொள்ள அங்கே ரத்தம் போகவில்லை.

குபாத் கதவை மறித்து நின்றான். "சொன்னேனா இல்லையா? இப்பவாவது சூடு பண்ணுங்க."

"நீ சொன்னதுல பாதி சரி. குளிரும் சேர்ந்துதான் நெஞ்ச இறுக்குது. ஆனா இப்பவே முழுசா சூடு பண்ணினா தலைக்கு ஆபத்து. எனக்கு ரெண்டும் வேணும். வழிய விடு தம்பி."

அவன் விலகினான். பெர்மெட் அரை டிகிரி மட்டும் ஏற்றினார். ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் வாயுவை மூச்சுக்காற்றோடு கலந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் எழவேயில்லை. சாயங்காலம் உதட்டின் நீலம் சாம்பலாகி, அப்புறம் சிவந்தது. குபாத் நன்றி சொல்ல வாயெடுத்தான். "இன்னும் முடியல," என்றார் அவர்.

மூன்று நாள் முடிந்ததும் மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். தொண்டையில் செருகிய குழாயை எடுத்த அன்று காலை, நர்ஸ் குல்சாத் வெளியே வந்து உள்ளங்கையை நீட்டினாள். நல்ல சேதி கொண்டுவருபவருக்குப் பரிசு கொடுத்தாக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். மகள் பிறந்த அன்று அவனிடம் ஒருவரும் கை நீட்டவில்லை.

"எடுய்யா. தானா மூச்சு விடறா. அழுகை வேற, தொண்டை கட்டின ஆடு மாதிரி."

"ஒரு கிடா தரேன் அக்கா."

"என் வீடு இருக்கறது அஞ்சாவது மாடியில, எங்க கட்டறது? கறியாவே கொண்டு வா."

பின்னால் வந்த பெர்மெட் சொன்னார்: "மூளை எப்படின்னு இப்ப சொல்ல மாட்டேன். வளர வளரத்தான் தெரியும்."

"நடக்கலேன்னா தூக்கிக்கறேன் டாக்டரம்மா. மூச்ச நான் குடுத்திருக்க முடியாது. நீங்க குடுத்தீங்க."

பெர்மெட் கையுறையைக் கழற்றினார். "அப்ப தொடைக்கறி எனக்கு."