ஐந்தாவது வார்த்தை

எங்கள் அணியில் கோல்கீப்பர்கள் இரண்டு பேர். ஒருவன் ஆடுவான், மற்றவன் காத்திருப்பான். ஆடுகிறவனுக்குச் சுவர் என்று பெயர். அது ரசிகர்கள் வைத்தது. காத்திருக்கிறவனுக்கு ஸ்டெப்னி என்று பெயர். அது எங்கள் மசாஜ்காரர் வைத்தது. ஸ்டெப்னி நான்தான். இந்த வருடத்துக்கு முன் வரை, ஆறு வருடத்தில் நான் லீக் ஆட்டத்தில் இறங்கியது மூன்று முறை. அதில் ஒன்று சுவருக்கு வயிற்றுப்போக்கு வந்த நாள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாற்று கோல்கீப்பர் என்பது ஒரு தனி உத்தியோகம். மற்ற ஆட்டக்காரர்கள் களைத்தால் கோச் மாற்றுவார், சரியாக ஆடாவிட்டால் மாற்றுவார். கோல்கீப்பரை யாரும் சும்மா மாற்றுவதில்லை. முதல் ஆளுக்கு ஏதாவது ஆனால்தான் இரண்டாம் ஆளுக்கு வேலை. அதனால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இறங்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. அப்படி ஆசைப்பட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. ஜன்னல் பக்கக் கட்டில் அவனுக்கு, குளியலறைப் பக்கக் கட்டில் எனக்கு. மதியச் சாப்பாட்டுக்கும் மைதானத்துக்குப் பேருந்து கிளம்புவதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கும். தூங்கினால் உடம்பு கனத்துப் போகும். அதனால் பேசிக்கொண்டிருப்போம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் அவனுக்கு வார்த்தைகளை ஒப்பிக்க வைத்தேன்.

அது என்ன வார்த்தைகள் என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் லீக்கில் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டால் டாக்டர் மைதானத்துக்குள் ஓடி வருவார். எந்த மைதானம், எத்தனையாவது பாதி, கடைசி கோலை யார் போட்டது என்று கேட்பார். பிறகு ஒரு அட்டையை எடுத்து ஐந்து வார்த்தைகள் வாசிப்பார். அடிபட்டவன் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் ஆளை வெளியே எடுத்துவிடலாம். அதற்கென்றே தனியாக ஒரு மாற்று உண்டு, வழக்கமான மாற்றுகளோடு அது சேராது. ஆனால் வெளியே போனவன் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. அதற்குப் பிறகு குறைந்தது பன்னிரண்டு நாள் ஓய்வு.

மூன்று வருடத்துக்கு முன் பயிற்சியின்போது சுவர் கம்பத்தில் மோதிக்கொண்டான். ஐந்து வார்த்தைகளில் இரண்டுதான் வந்தது. அந்த ஓய்வில்தான் நான் மற்ற இரண்டு ஆட்டங்களும் ஆடினேன். திரும்பி வந்ததும் அவன் சொன்னான்: "பன்னண்டு நாள் இருட்டு ரூம்ல உட்கார்ந்து விட்டத்தை எண்ணினேன்டா. இனிமே இந்தப் பரீட்சையில நான் ஃபெயில் ஆகமாட்டேன்."

டாக்டரிடம் இருந்தது மொத்தம் மூன்று அட்டைகள். முழங்காலுக்கு ஐஸ் வைக்கப் போன ஒரு நாள், அவர் கை கழுவப் போன நேரத்தில், மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ரெண்டாவது அட்டை," என்பேன் நான், என் கட்டிலில் சாய்ந்துகொண்டு.

"சாவி, மேகம், தட்டு, ஆணி, கிளி."

"மூணாவது?"

"பாலம், உப்பு, சட்டை, நிலா, கோடாலி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்டா."

"தூங்குறவனை எழுப்பி யாருடா கேட்கப் போறாங்க? மண்டையில வாங்கினவனைத்தான் கேட்பாங்க."

"மண்டையில வாங்கினாலும் சொல்வேன், பார்."

எங்கேயாவது தடுமாறினால் நான் முகத்தால் ஜாடை காட்டுவேன். மேகத்துக்குக் கண்ணை மேலே உயர்த்துவேன், கிளிக்கு மூக்கைச் சுருக்குவேன். அவன் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்த மாதிரிதான். அது விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

இந்த வருடம் அவனுக்குத் தேசிய அணியின் முகாமுக்கு அழைப்பு வந்தது. முதல் முறை. அவன் மனைவிக்குக்கூடப் பிறகுதான் சொன்னான். முதலில் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து கடிதத்தை என்னிடம் நீட்டினான். "முப்பத்திரண்டு வயசுல கூப்பிடுறாங்கடா. இன்னொரு தடவை கூப்பிட மாட்டாங்க." முகாம் திங்கள்கிழமை. அதற்கு முன் சனிக்கிழமை ஒரே ஒரு லீக் ஆட்டம் பாக்கி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, இரண்டாம் பாதியின் பதினெட்டாவது நிமிடம். எதிரணிக்குக் கார்னர். பந்தைக் குத்தி வெளியே தள்ளச் சுவர் முன்னால் பாய்ந்தான். எதிரணிக்காரனின் முழங்கால் அவன் இடது நெற்றிப்பொட்டில் விழுந்தது. ஈரத் துணியைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம். நான் கோலுக்குப் பின்னால் உடம்பைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கம்பத்தருகே ஓடினேன். என்னை யாரும் தடுக்கவில்லை.

டாக்டர் மண்டியிட்டு உட்கார்ந்தார். மைதானத்தின் பெயரைக் கேட்டார், சொன்னான். பாதியைக் கேட்டார், சொன்னான். கோல் போட்டவனையும் சரியாகச் சொன்னான். டாக்டர் பையில் அட்டையைத் தேடியபோது நான் அவன் கையில் பாட்டிலைக் கொடுத்தேன். மூடியைத் திறக்காமலேயே வாயில் வைத்தான். அண்ணாந்து இரண்டு மடக்கு விழுங்கினான். பிறகு தண்ணீர் குடித்தவன் போலவே புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

டாக்டர் இதைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்து நிதானமாக வாசித்தார்.

"சாவி. மேகம். தட்டு. ஆணி."

அந்த நேரம் நடுவர் குனிந்தார். "டாக்டர், மூணு நிமிஷம் தாண்டிடுச்சு. ஆடுறாரா, இல்லையா?"

"இதோ, ஒரே நிமிஷம்," என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு டாக்டர் சுவரிடம் திரும்பினார். "எங்கே, சொல்லுங்க பார்ப்போம்."

"சாவி, மேகம், தட்டு, ஆணி, கிளி."

டாக்டர் அட்டையில் ஐந்து டிக் போட்டார். அட்டையில் ஐந்து வார்த்தைகள் இருந்தன, காதிலும் ஐந்து விழுந்தது. கோட்டுக்கு வெளியிலிருந்து கோச் கத்தினார்: "நல்லாத்தானே இருக்கான்?"

கிளியை டாக்டர் சொல்லவே இல்லை.

இது அந்த மைதானத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் எழுந்து நிற்பான், இன்னும் எத்தனையோ கார்னர்கள் வரும், எத்தனையோ முழங்கால்கள் வரும். திங்கள்கிழமை முகாமுக்கும் போவான். வாயைத் திறந்தால் உள்ளே போவது நான். கையுறைகளைக்கூட நான் ஏற்கனவே மாட்டியிருந்தேன். அவற்றைக் கழற்றிவிட்டுச் சொன்னால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அதற்கு நேரமில்லை. டாக்டர் எழுந்துவிட்டார்.

"டாக்டர், நீங்க நாலுதான் சொன்னீங்க."

"என்னது?"

"கிளியை நீங்க சொல்லலை. ரெஃப்ரி குறுக்க வந்துட்டார். இவனுக்கு அது மனப்பாடம். மூணு அட்டையும் மனப்பாடம். நான்தான் ஒப்பிக்க வெச்சேன்."

"டேய், என்னடா பேசுற?" என்றான் சுவர்.

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். மறுபடி மண்டியிட்டு, மனதில் தோன்றியதைச் சொன்னார்: "செருப்பு. ஏணி. பல்லு. கூடை. கொக்கு. சொல்லுங்க."

சுவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். ஜாடைக்காக. நான் மூக்கையோ கண்ணையோ அசைக்காமல் நின்றேன். இத்தனை வருடத்தில் அவ்வளவு கஷ்டமான ஒரு வேலையையும் நான் செய்ததில்லை.

"செருப்பு," என்றான். நெடுநேரம் கழித்து, "சாவி," என்றான்.

மாற்றுப் பலகை உயர்ந்தது. அவனை இருவர் தாங்கி நடத்திப் போனார்கள். என்னைக் கடக்கும்போது நின்றான். குரலில் கோபமே இல்லை.

"உனக்கு ஆடணும்னா கேட்டிருக்கலாமேடா. வயித்துவலின்னு சொல்லிட்டு வெளிய உட்கார்ந்திருப்பேன்."

மிச்ச நேரம் முழுவதும் ஆடினேன். மூன்று பந்துகள் வந்தன, மூன்றையும் பிடித்தேன். ஒரு கோல் விட்டிருந்தால்கூட எல்லோருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும் போல. ஒவ்வொரு முறை பிடித்தபோதும் என் ஆட்களில் யாரும் என் முதுகைத் தட்டவில்லை.

உடை மாற்றும் அறையில் மசாஜ்காரர் யாருடைய தொடையையோ பிசைந்துகொண்டே சொன்னார்: "டயர் தானா பஞ்சர் ஆகலைப்பா. ஸ்டெப்னியே ஆணி வெச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக். வேறு நாளாக இருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று வந்தது. ஆனால் அவனால் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, நிற்க முடியவில்லை. முகாமுக்கு வேறொருவன் போனான். டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இன்னொரு அடி வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்க சொன்னது நல்லது. ஆனா ஒப்பிக்க வெச்சதும் நீங்கதான். ரெண்டையும்தான் நான் எழுதியாகணும்." எழுதுங்க டாக்டர் என்றேன். அவர் எழுதினார். அதன் பிறகு புதிய அட்டைகள் வந்தன, அடிபடாதபோது யாருக்கு எத்தனை வருகிறது என்று குறித்துவைக்க அணி முழுவதற்கும் மறுபடி பரீட்சை வைத்தார்கள். பயிற்சி முடிந்த களைப்பில் வரிசையில் நின்றவர்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். என் முறை வந்தபோது எனக்கு ஐந்தில் நான்கு வந்தது.

ஒரு வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைப் பாதி திறந்தாள். உள்ளே திரைச்சீலைகள் எல்லாம் இழுத்துவிடப்பட்டிருந்தன. அழைப்புமணியின் மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"அண்ணா, மெதுவாப் பேசுங்க. குக்கர் சத்தம்கூடத் தாங்கலை அவருக்கு."

"ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போறேன்மா."

அவள் உள்ளே போய்விட்டுத் திரும்பினாள். கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். "தூங்குறாருண்ணா."

தூங்குகிறவன் இருமிய சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது. "சரிம்மா, தூங்கட்டும்," என்றேன். அவன் லாக்கரில் விட்டுப்போயிருந்த கையுறைகளைக் கொண்டு போயிருந்தேன். கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நீங்க சாப்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு எனக்கு அதே மாதிரி அறை, கூட யாரும் இல்லை. ஆனாலும் இரண்டு கட்டில்கள். நான் குளியலறைப் பக்கக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கக் கட்டிலில் விரிப்பு கலையாமல் இருந்தது. மணி மூன்று. பேச ஆள் இல்லாததால் தூக்கம் வந்தது. தூங்கக் கூடாது என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

"டேய்."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவன் குரல். மெலிந்திருந்தது.

"சொல்லுடா."

"சாவி, மேகம், தட்டு, ஆணி." நிறுத்தினான். மூச்சு கேட்டது. "அதுக்கப்புறம் என்னடா? காலையில இருந்து யோசிக்கிறேன், வரமாட்டேங்குது."

என்னை அறியாமல் மூக்கைச் சுருக்கினேன். போனில் அது எப்படித் தெரியும்?

"அதை டாக்டர் சொல்லவே இல்லையேடா," என்றேன்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவை மெதுவாக, ஓசை வராமல் சாத்துவது கேட்டது.

"போடா ஸ்டெப்னி," என்றான். போனை வைத்துவிட்டான்.

திட்டினானா, சிரித்தானா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டதா, என்னைக் கூப்பிட அது ஒரு சாக்கா, அதுவும் தெரியவில்லை. மறந்தது உண்மையாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அது சாக்காக மட்டும் இருக்க வேண்டும் என்று எவ்வளவோ நினைத்தேன்.

பேருந்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. காலியான கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். போனை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவனுக்கு மறுபடியும் கேட்கத் தோன்றினால், இந்த முறை சொல்லிவிடலாம் என்று.