பேக்கெட்டிலிருந்து விழுந்த அரிசி

என் அக்கா, தாஜுன்னிசா லாத்தாவின் புருஷனைக் கொன்றது நான் தள்ளிய அரிசி மூட்டை. அதை அவளிடம் சொல்லிவிடத்தான் பத்து நாள் லீவு வாங்கிக்கொண்டு புதுமடத்தில் உம்மா வீட்டுக்கு வந்தேன். வந்து நாலு நாளாகியும் சொல்லவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கவும் தூங்கினேன்.

விமானப்படையில் எனக்குப் பதினேழு வருஷம். ஊரில் என்னைப் பற்றிக் கேட்டால், சதக்கா, அவன் பிளேன் ஓட்டுகிறான் என்பார்கள். ஓட்டுவதாவது! முதலில் ஷெட்டில் என்ஜின் துடைத்தேன். ஐம்பத்தி நாலில் அமெரிக்காவிலிருந்து பேக்கெட் விமானங்கள் வந்தபோது என்னைச் சரக்குப் பக்கம் போட்டார்கள். இரட்டை வால், நடுவில் பத்தாயம் போல ஒரு வயிறு. மூட்டை போடும் நாளில் பின்கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பறப்போம். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு அந்தத் திறந்த வாயருகே நிற்க வேண்டும். மணி அடித்தால் தள்ள வேண்டும், அவ்வளவுதான் என் உத்தியோகம். லடாக்கில் தள்ளினேன், அசாம் மலைகளில் தள்ளினேன். கீழே பட்டாளத்துக்காரர்கள் ஒதுங்கி நின்று, பிளேன் போன பிறகு வந்து பொறுக்குவார்கள். ஒருவன் மேலும் விழுந்ததில்லை.

அறுபத்தி நாலு டிசம்பர் புயல் ராமேஸ்வரம் தீவைப் புரட்டிப் போட்டது. பாம்பன் பாலமும் போயிற்று. தீவின் கிழக்கே ஒரு மணல்திட்டில்தான் லாத்தா குடும்பம் இருந்தது. மூன்றாம் நாள் எங்கள் பேக்கெட்டை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். புறப்படும் முன் கேப்டன் சொன்னார்: "முதலில் ஒரு வட்டம் அடிப்போம். ஜனங்கள் புரிந்துகொண்டு விலகிவிடுவார்கள்."

விலக மாட்டார்கள் என்று அந்த விமானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் கரையில் வள்ளம் வந்து கயிறு வீசினால், முதலில் ஓடிப் பிடிக்கிறவனுக்கு மீனில் பங்கு. வீசியதைப் பார்த்து ஒதுங்குகிறவனைச் சோம்பேறி என்பார்கள். வானத்திலிருந்து போட்டாலும் அடியில்தான் வந்து நிற்பார்கள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் ஆளில்லாத பக்கமாகத் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஆனால் என்னோடு நின்ற இருவரும் வடக்கத்தியார். மதராஸி ஜனம் சோற்றுக்குப் பறக்கும் என்று ஏற்கெனவே கேலி. நம் ஜனத்தை நாமே காட்டிக்கொடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். வெட்கம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை.

வட்டம் அடித்தோம். கீழே ஓடி வந்தார்கள். அதையும் பார்த்தேன். மணி அடித்தது. முதல் மூட்டையைத் தள்ளினேன்.

மூன்று வாரம் கழித்து உம்மாவின் கடிதம் வந்தது. அதிலிருந்த நாள், இடம் எல்லாம் நாங்கள் மூட்டை போட்டதோடு ஒத்துப்போயிற்று. முதல் மூட்டைக்கு அடியில் நின்றது லாத்தாவின் மாப்பிள்ளை பாக்கர் மச்சான். படித்து மடித்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். மனசு மரத்துப்போயிருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை மௌத்தாகி விதவையானவள் நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், புயலில் தன் வீடு போனதால் எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள் லாத்தா. அவளாகவே கேட்டாள்.

"ஏன் தம்பி, மேலேயிருந்து போடுறவகளுக்குக் கீழே ஆளு நிக்கிறது தெரியாதா?"

"தெரியும் லாத்தா. எனக்குத் தெரிஞ்சுச்சு. அந்த மூட்டையை நான்தான் தள்ளுனேன்."

ஓங்கி அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை என்றிருந்தது. தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த அவள் விரல் நின்றது.

"அவுக முதல்ல ஓடவே இல்ல தம்பி" என்றாள். "என் பக்கத்துலதான் நிண்டாக. என்னத்தையோ போடப்போறாக, ஒதுங்கி நிப்போம்ண்டாக. பிள்ளைக மூணு நாளாப் பட்டினி. எல்லா ஆம்பிளையும் ஓடுறாக, நீங்க மட்டும் மரமாட்டம் நிக்கிறீகளே, வெக்கமா இல்லையாண்டு நான்தான் ஏசுனேன். அப்பத்தான் ஓடுனாக. உம்மாட்டக்கூட இதைச் சொல்லல."

நீ என்ன செய்வாய் லாத்தா, தப்பெல்லாம் என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் உம்மா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. லாத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.