பன்னீர் சோடா

எத்திராஜின் காரியப் படையலில், எண்ணூரிலிருந்து வந்த அவன் சித்தப்பா மகன் வெற்றி ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்தான். செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பதுதானே வழக்கம்.

"அது இன்னாத்துக்குடா?" என்றாள் எத்திராஜின் மனைவி அங்கம்மா.

"குடிச்சிக் குடிச்சித்தான் ஈரல் போச்சின்னு டாக்டரு சொன்னாராமே, அண்ணி."

அங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன்பிடி போட்டிலிருந்து இறங்கிய கூட்டமெல்லாம் ஒயின்ஷாப்புக்குத் திரும்பும்போது, அவள் புருஷன் மட்டும் அவளை சோடாக்கடைக்குக் கூட்டிப் போவான். கட்டைவிரலால் ஒரே அழுத்தில் கோலியை உள்ளே தள்ளி, பன்னீர் சோடாவில் முதல் வாயை அவளுக்குத்தான் கொடுப்பான். கேஸ் மூக்கில் ஏறி அவள் தும்மினால், கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிப்பான்.

அந்த மனுஷனுக்கு வயிறு வீங்கியபோது, தெருமுனை டாக்டர் ஒரு ரத்த டெஸ்ட்கூட எழுதவில்லை. "கடலுக்குப் போறவன் குடிக்காம இருப்பானா? குடியை விடு" என்றே வருஷக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஹெபடைடிஸ் சி என்று கண்டுபிடித்தார்கள். முன்னாலேயே பார்த்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்குமாம்.

அங்கம்மா பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போய், டாக்டரின் மேசையில் ணங்கென்று வைத்தாள்.

"என்னம்மா இது?"

"எம் புருசன் படையல்ல வெச்சாங்கோ. உன் வாயால வந்தது, நீயே வெச்சிக்க. மெடிக்கல் கவுன்சில்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துக்கீறேன், அங்க வந்து பதில் சொல்லு. எனக்கு இப்போ நேரமில்ல. சோடா வாங்கினு போவணும், அவரு காத்துகினு கீறாரு."