பன்னிரண்டில் ஒன்று

கணக்கு படித்தவரை மாப்பிள்ளையாக எடுத்தால் கம்பெனி உருப்படும் என்று எங்கள் முதலாளிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். 1991இல் நஞ்சப்பன் பி.எஸ்சி. வந்து சேர்ந்தார். வந்த அன்றே சாக்பீஸால் எழுதும் ஒரு கறுப்புப் போர்டை வாங்கிவந்து சுவரில் மாட்டினார். நெருப்பெரிச்சல் கிராமத்தில் இருக்கும் பனியன் கம்பெனிக்குப் போர்டு எதற்கு என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நான் மயிலாள். டெய்லர் தங்கவேலுவுக்குக் கைமடி. பீஸின் ஓரத்தை மடித்து டெய்லர் கைக்கு வாகாகக் கொடுக்க வேண்டும், தைத்து வந்ததை இழுத்து நூல் வெட்டி அடுக்க வேண்டும். அதுதான் கைமடி வேலை. டெய்லர் பெயர் கம்பெனி ரிஜிஸ்தரில் இருக்கும். எங்கள் பெயர் இருக்காது. கூலியை டெய்லரே கொடுத்துவிடுவார் என்பதால், கம்பெனியைப் பொறுத்தவரை நாங்கள் பிறக்கவே இல்லை.

கம்பெனியில் தங்கவேலு, மருதாசலம் என்று இரண்டே டெய்லர்கள். சுவரோரம் மூன்றாவது மெஷின் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதில் உட்கார்ந்துதான் நான் தையல் பழகினேன். அதை எனக்குக் கொடுங்கள் என்று மூன்று வருடம் கேட்டேன். “டெய்லர்னா ரிஜிஸ்தர்ல பேர் இருக்கோணுமில்ல?” என்பார் முதலாளி. பெயரை எழுதுங்கள் என்றால், “நீ டெய்லர் இல்லியே?” என்பார். அந்த மெஷின் மேல் எனக்கு இருந்த ஆசை என் வீட்டுக்காரர் மேல்கூட இருந்ததில்லை.

ஆறாயிரம் பீஸுக்கு ஒரு அவசர ஆர்டர் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி. நஞ்சப்பன் ரிஜிஸ்தரைப் புரட்டிவிட்டு போர்டில் எழுதினார். ஆறாயிரம் பீஸைத் தங்கவேலு ஆறு நாளில் முடிப்பார், மருதாசலம் பன்னிரண்டு நாளில் முடிப்பார். ஆக ஒரு நாளில் இவர் ஆறில் ஒரு பங்கு, அவர் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டினால் நாலில் ஒன்று. சேர்ந்து தைத்தால் நாலே நாள். திங்கட்கிழமை ஆரம்பித்தால் வியாழக்கிழமை முடிந்துவிடும், ஒரு நாள் மிச்சம்.

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நானும் எட்டாவது வரை படித்தவள்தான், கணக்கில் மட்டும் என்னை யாரும் அசைக்க முடியாது. ஆள்தான் தப்பு. மருதாசலத்துக்குக் கைமடி கிடையாது. அவர் வாய்க்குப் பயந்து மூன்று பேர் ஓடிப்போனதால் அவரே மடித்து அவரே தைத்துக்கொண்டிருந்தார். ரிஜிஸ்தருக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

“சேந்து தைக்கறதுக்கு ரண்டு மெசினயும் ஒட்டிப் போடறோம். உங்க ஸ்டூலுக்கு எடமில்லீங்க்கா. ஆர்டர் முடியற வரைக்கும் ஊட்ல இருங்க” என்றார் நஞ்சப்பன்.

“நானில்லாம தங்கவேலண்ணன் எப்படீங்க ஓட்டுவாரு?”

“கணக்குல நீங்களே இல்லீங்களே!”

தங்கவேலுவைப் பார்த்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “மெசின் ஓட்டறது நானுங்க. இவ துணியத்தான எடுத்துக் குடுக்கறா” என்றார். ஐந்து வருடம் அந்தக் கைக்கு மடித்துக் கொடுத்தவள் நான். வீட்டுக்கு வந்து அடுப்பில் இருந்த பாத்திரத்தையெல்லாம் திட்டினேன். அப்புறம் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய, நஞ்சப்பன் மொபெட்டில் என் வாசலில் வந்து இறங்கினார். முகம் சோப்புப் போடாமல் துவைத்த பனியன் மாதிரி இருந்தது.

“ரண்டு நாள்ல மூவாயிரம் வந்திருக்கோணுமுங்க்கா. ரண்டாயிரந்தான் வந்திருக்குது. மருதாசலண்ணன் எப்பவும் போல ஐநூறு. தங்கவேலண்ணனும் ஐநூறுதாங்க. இப்படியே போனா சனிக்கெழம ஆயிரும். மாமனார் கொன்னே போடுவாரு.”

உள்ளே போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். “ஆறுல ஒண்ணுல இருந்து பன்னண்டுல ஒண்ணக் கழிங்க.”

பி.எஸ்சி. என் வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கோலப்பொடியில் எழுதியது. பன்னிரண்டில் ஒன்று வந்தது.

“ஆறுல ஒண்ணு, நானும் தங்கவேலண்ணனும் சேந்து. அவரு தனியா பன்னண்டுல ஒண்ணு. மிச்சம் யாருங்க?”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீங்க.”

“ஒரு டெய்லரு எவ்வளவோ அவ்வளவு. ரிஜிஸ்தர்ல டெய்லருன்னு என்ற பேர எழுதோணும். திங்கக்கெழம மூணாவது மெசின் எனக்கு. சரின்னா நாளைக்கு வர்றனுங்க.”

அவர் மாமனாரைக் கேட்க வேண்டும் என்றார். “கேளுங்க, லாரி நிக்கும்” என்றேன். கேட்காமலேயே சரி என்றார்.

புதன்கிழமை மெஷின்களைப் பிரித்துப் போட்டு என் ஸ்டூலை வைத்தார்கள். தங்கவேலு என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். அன்று ஆயிரத்து ஐநூறு, வியாழக்கிழமை ஆயிரத்து ஐநூறு. வெள்ளிக்கிழமை மிச்சம் ஆயிரம், மூன்று மணிக்கெல்லாம் முடிந்திருக்கும். நஞ்சப்பன் சும்மா இருக்க மாட்டாமல் மருதாசலத்துக்குக் கைமடிக்க உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் இருபது பீஸை உள்புறம் வெளியே வர மடித்துவிட்டார்.

“மாப்பிள்ளைங்க எந்திரிச்சா நான் சீக்கிரம் முடிச்சிருவனுங்க” என்றார் மருதாசலம். போர்டில் மாப்பிள்ளையையும் சேர்ப்பதாக இருந்தால் கழித்தல் குறி போட்டுத்தான் சேர்க்க வேண்டும். அந்த இருபதையும் பிரித்துத் தைத்து முடிக்க ஐந்து மணி ஆயிற்று. ஆறுக்கு லாரி கிளம்பியது.

திங்கட்கிழமை நஞ்சப்பன் ரிஜிஸ்தரைத் திறந்து மூன்றாவது வரியில் ‘மயிலாள், டெய்லர்’ என்று எழுதினார். மை காயும்வரை நான் அங்கேயே நின்றேன். பிறகு துணியை உருவிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்தேன்.

தங்கவேலு தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார். “மயிலா, எனக்கொரு கைமடி வேணுமே. உங்கூர்ல யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாயேன்.”

“சின்னத்தாய் இருக்கறா. நல்லா மடிப்பா.”

“நாளைக்கே வரச் சொல்லு.”

நான் போர்டைக் காட்டினேன். புது ஆர்டருக்கான கணக்கில் தங்கவேலு, மருதாசலம், மயிலாள் என்று மூன்று பெயர் இருந்தது.

“மொதல்ல அவ பேர அதுல எழுதச் சொல்லுங்கண்ணா. அப்பறம் வருவா.”

தங்கவேலு தானே போய்ச் சாக்பீஸை எடுத்தார்.